சிவப்பு வண்டியும் மஞ்சள் லாரியும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்கு என் மகள் தன் ஒன்பது வயது மகனோடு வந்திருந்தாள். பேரனுடைய பையில் துணிமணிகளைவிட விளையாட்டுச் சாமான்களே மிகுதியாயிருந்தன. அவற்றுள் ஒன்று, இரு கைகளுக்குள் அடங்கிவிடும் ஒரு பிளாஸ்டிக் பலகை. அதன்மீது சின்னஞ்சிறு கார்களும் லாரிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வண்டிகள் நெரிசலில் சிக்கிக்கொள்ளும் வேளையைக் குறிக்கும் ‘ரஷ் ஹவர்’ என்பதே அவ்விளையாட்டின் பெயர்.

“தாத்தா, நீங்கள் கணக்கு வாத்தியார்தானே? இதைப் போடுங்கள், பார்க்கலாம்!” என்று பேரன் பலகையை என் மடியில் வைத்தான்.

34 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தவன் நான். சிறுவர் விளையாட்டொன்று என்னை என்ன செய்துவிடும் என்ற எண்ணத்தோடுதான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். அந்த எண்ணம் மூன்று நாட்கள்கூட நிலைக்கவில்லை. மூன்று நாட்களில் அந்தப் பலகை எனக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

விளையாட்டின் விதிகள் மிக எளியவை. வரிசைக்கு ஆறாக ஆறு வரிசைகள். ஆக 36 கட்டங்கள். காருக்கு இரண்டு கட்டம். லாரிக்கு மூன்று கட்டம். கார்கள் 12, லாரிகள் 4. கார்களுள் ஒன்று மட்டும் சிவப்பு நிறம். அது மேலிருந்து மூன்றாம் வரிசையில் நிற்கும். அவ்வரிசையின் வலக்கோடியில்தான் பலகையை விட்டு வெளியேறும் வாயில் இருக்கிறது. சிவப்பு வண்டியை அவ்வாயில் வழியே வெளியேற்ற வேண்டும், அவ்வளவே. ஆனால் எந்த வண்டியையும் கையில் தூக்கி வேறிடத்தில் வைக்கலாகாது. குறுக்காக நிற்கும் வண்டி இடமும் வலமும் மட்டுமே நகரும். நெடுக்காக நிற்பது மேலும் கீழும் மட்டுமே நகரும். திரும்புதல் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறுதலும் இல்லை. வண்டிகளை எப்படி நிறுத்துவதென்று காட்டும் 40 அட்டைகள் பெட்டியில் இருந்தன. அவை எளியதிலிருந்து கடினத்திற்கு நான்கு படிகளாக ஏறிச் செல்பவை.

முதல் பத்து அட்டைகளை ஒரே மூச்சில் முடித்தேன். பேரனின் பார்வையில் என் மதிப்பு உயர்ந்தது. இரண்டாம் படியில் வேகம் தணிந்தது. மூன்றாம் படியின் முதல் அட்டையில் வண்டி அடியோடு நின்றுவிட்டது. மாலை விளக்கேற்றும் நேரம்வரை தள்ளித் தள்ளிப் பார்த்தும், தொடங்கிய இடத்திற்கே திரும்பத் திரும்ப வந்துசேர்ந்தேன். “இந்த அட்டையில் அச்சுப்பிழை இருக்கிறது” என்று தீர்ப்பும் கூறிவிட்டேன். பேரன் சிரிக்கவில்லை. என்மீது இரக்கங்கொண்டவனாய், ஐந்தே வண்டிகளை வைத்துத் தானாகவே ஒரு சிறு புதிரை எனக்காக அமைத்துக் கொடுத்தான்.

அந்தப் புதிரை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு தாளில் ஆறுக்கு ஆறு கட்டம் வரைந்து, அட்டையை வெட்டி வண்டிகளாக்கிக்கொள்ளுங்கள். குறுக்கே செல்வதை வரிசை என்றும், நெடுக்கே செல்வதை நிரல் என்றும் கொள்வோம். மேலிருந்தும் இடமிருந்தும் எண்ண வேண்டும். சிவப்புக் கார், மூன்றாம் வரிசையின் இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் நிற்கிறது. மஞ்சள் லாரி, ஐந்தாம் நிரலில் உச்சி முதல் மூன்று கட்டங்களை அடைத்து, சிவப்பு வண்டியின் பாதைக்குக் குறுக்கே நிற்கிறது. பழுப்பு லாரி, நான்காம் வரிசையின் முதல் மூன்று கட்டங்களில் குறுக்காகக் கிடக்கிறது. பச்சைக் கார், மூன்றாம் நிரலின் கடைசி இரு கட்டங்களில் நெடுக்காக நிற்கிறது. நீலக் கார், ஆறாம் வரிசையின் கடைசி இரு கட்டங்களில் குறுக்காக நிற்கிறது. இவ்வளவுதான்.

அதையும் என்னால் தீர்க்க இயலவில்லை. சிவப்பு வண்டியை ஒரு கட்டம் முன்னே தள்ளுவேன். மஞ்சள் லாரியை இரண்டு கட்டம் கீழே இறக்குவேன். அப்போதும் அது வழியை மறித்தே நிற்கும். இப்படியே அரைமணி நேரம் கழிந்தது.

“தாத்தா, நீங்கள் வாயிலையே பார்த்துக்கொண்டு தள்ளுகிறீர்கள். அப்படிச் செய்யக்கூடாது. ‘இதை மறிப்பது எது? அது ஏன் நகரவில்லை?’ என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும்” என்றான் பேரன்.

அவன் சொன்னவாறே கேட்டுப் பார்த்தோம். சிவப்பை மறிப்பது மஞ்சள் லாரி. மூன்று கட்ட நீளமுள்ள லாரி மூன்றாம் வரிசையை விட்டு விலக வேண்டுமானால், ஆறு கட்ட நிரலில் அதற்கு ஒரேயோர் இடந்தான் உண்டு. அது அடியிலுள்ள மூன்று கட்டங்கள். பாதி இறங்கினால் பயனில்லை. முழுவதும் இறங்கியாக வேண்டும். அடிக்கட்டத்தில் நீலக் கார் நிற்கிறது. நீலம் இடப்புறம் ஒதுங்கலாமென்றால், பச்சைக் கார் தடுக்கிறது. பச்சை மேலேறலாமென்றால், பழுப்பு லாரி தலைக்குமேல் கிடக்கிறது. பழுப்பு வலப்புறம் நகரலாம். ஆனால் நகர்ந்தால் மஞ்சள் லாரி இறங்கவேண்டிய நிரலையே அது அடைத்துக்கொள்ளும். நிலைமை முன்னிலும் மோசமாகிவிடுமே என்று அஞ்சியே நான் அதைத் தொடாமல் விட்டிருந்தேன்.

“மோசமாகட்டும் தாத்தா, பிறகு திரும்பி வந்துவிடும்” என்றான்.

இன்னொரு தடையும் இருந்தது. பச்சைக் கார் உச்சிவரை ஏற வேண்டுமானால் அதன் நிரலில் சிவப்பு வண்டியே நிற்கிறது. வெளியேற வேண்டிய வண்டி முதலில் ஒரு கட்டம் பின்வாங்க வேண்டும்! எனக்கு இதுதான் கடைசிவரை தோன்றவேயில்லை.

விடை இதுதான்: பழுப்பு லாரி வலப்புறம் மூன்று கட்டம்; சிவப்பு பின்னோக்கி ஒரு கட்டம்; பச்சை மேலே நான்கு கட்டம்; நீலம் இடப்புறம் இரண்டு கட்டம்; பழுப்பு பழைய இடத்திற்கே மூன்று கட்டம்; மஞ்சள் லாரி கீழே மூன்று கட்டம். இப்போது வழி திறந்துவிட்டது. ஏழாவது நகர்த்தலில் சிவப்பு வண்டி வெளியேறியது. பேரன் கைதட்டினான். நான் மௌனமாயிருந்தேன்.

அன்றிரவு உறக்கம் வராமல், இவ்விளையாட்டைப் பற்றி மகளைத் தேடித் தரச் சொல்லிப் படித்தேன். இதை உருவாக்கியவர் ஜப்பானியப் புதிர் அறிஞரான நோபுயுகி யோஷிகஹாரா. உலகெங்கும் உள்ள புதிர் அன்பர்கள் ‘நோப்’ என்று செல்லமாக அழைத்த அவர் 1936 முதல் 2004 வரை வாழ்ந்தவர். 1970-களில் அவர் அமைத்த இப்புதிர், 1996-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபின் உலகெங்கும் பரவியது.

ஆனால் இக்குலத்தின் முன்னோர் இன்னும் பழையவர்கள். 15 எண்களைச் சதுரப் பெட்டிக்குள் நகர்த்தி வரிசைப்படுத்தும் புதிரை நம்மில் பலர் சிறுவயதில் விளையாடியிருப்போம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கானஸ்டோட்டா என்னும் சிற்றூரில் அஞ்சல் தலைவராயிருந்த நோயஸ் சாப்மன் அதனை உருவாக்கினார். 1880-இல் அது ஒரு பைத்தியம்போல் நாடுகள்தோறும் பரவிற்று. சாம் லாய்டு என்னும் புதிர்க்காரர் அதைத் தாமே கண்டுபிடித்ததாகப் பிற்காலத்தில் உரிமை கொண்டாடினார். 14, 15 ஆகிய இரு எண்கள் மட்டும் இடம்மாறிக் கிடக்கும் நிலையைச் சரிசெய்வோருக்கு 1000 டாலர் பரிசென்றும் அறிவித்தார். அந்தப் பரிசை யாரும் பெறவில்லை, பெறவும் முடியாது. அந்நிலைக்குத் தீர்வே இல்லை என்பதை 1879-லேயே ஜான்சன், ஸ்டோரி என்ற இரு கணித அறிஞர்கள் நிறுவியிருந்தனர்.

சீனத்தில் ‘ஹுவாரோங் பாதை’ என்றொரு நகர்த்தல் புதிர் உண்டு. 20 கட்டங்கள், 10 கட்டைகள். எல்லாவற்றிலும் பெரிய கட்டைக்குப் பெயர் சாவ் சாவ். கி.பி. 208-இல் செம்பாறைப் போரில் தோற்றோடிய படைத்தலைவன் அவன். அவன் தப்பிச் செல்லும் வழியைக் குறுக்கே கிடந்து மறிக்கும் கட்டைக்குப் பெயர் குவான் யூ. சீனரின் புகழ்பெற்ற பழம்புதினம் இக்கதையை இவ்வாறு கூறுகிறது: தோற்றவனைப் பிடிக்க நின்ற குவான் யூ, முன்னொரு காலத்தில் அவன் தனக்குச் செய்த நன்மையை எண்ணி, ஒதுங்கி வழிவிட்டானாம். அந்தப் புதிரைத் தீர்க்கக் குறைந்தது 81 நகர்த்தல்கள் வேண்டும். இதே அமைப்பை ஜப்பானியர் ‘பெட்டிக்குள் மகள்’ என்பர். அங்கே மகள் வெளியேற வழிவிடாமல் நிற்பவர்கள் தந்தையும் தாயும் ஏனைய வீட்டாருமே!

சிறுவர் விளையாட்டு என்று நான் ஏளனம் செய்த வண்டிப் புதிரை அறிஞர்கள் அவ்வாறு கருதவில்லை. ஃபிளேக், பாம் என்ற இருவர் 2002-இல் இதை ஆராய்ந்து, பலகையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கணிப்பொறிக்கும் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது இது என்று நிறுவினர். வண்டி நிறுத்துமிடத்து ஊழியருக்குத் தாராளமாக அன்பளிப்புக் கொடுக்க வேண்டியது ஏன் என்று தம் கட்டுரைத் தலைப்பிலேயே வேடிக்கையாகக் குறிப்பிட்டனர். பெல்ஜிய நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகர ஆய்வாளர் மூவர், இந்தச் சிறிய ஆறுக்கு ஆறு பலகையிலேயே 50 நகர்த்தல்கள் தேவைப்படும் நெரிசலை 2006-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே எண்ணினால் அது 93 அடிகள். 36 கட்டங்களுக்குள் இத்தனை சிக்கலா என்று வியந்தேன்.

வியப்போடு நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுத நேர்ந்திராது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணி. திண்ணையில் பேரன் பலகையை விரித்து வைத்திருந்தான். தெருவில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பேரன் எட்டிப் பார்த்தான்.

“தாத்தா, ஆட்டோ ஏன் தெருவிலேயே நிற்கிறது? சின்னத் தாத்தா வீட்டு வாசலுக்குப் போகாதா?”

நான் விடை கூறவில்லை. சற்று நேரத்தில் சந்து வழியாக என் தம்பியும் அவன் மகனும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இருபுறமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்காலியில் தம்பியின் மனைவி அமர்ந்திருந்தாள். நாற்காலியின் கால் என் சுவரில் உரசிற்று. இருவரும் நின்று, பக்கவாட்டில் திரும்பி, மறுபடியும் நடந்தார்கள்.

இந்தச் சந்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தந்தை விட்டுச்சென்ற மனையில் முன்பாதி எனக்கும் பின்பாதி தம்பிக்கும் வந்தது. பின்மனைக்குச் செல்ல நான்கடி அகலத்தில் நடைபாதை விடவேண்டுமென்று பத்திரத்தில் எழுதியிருந்தது. தம்பி வீடு கட்டியபோது, வண்டி வந்துபோகும் அளவிற்கு இன்னும் ஐந்தடி விடுங்கள், அதற்கான விலையைத் தருகிறேன் என்று கேட்டான். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உறவினர் வீட்டுத் திருமணமொன்றில் பத்துப்பேர் முன்னிலையில் கேட்டான். நானும் பத்துப்பேர் முன்னிலையிலேயே மறுத்தேன். சொற்கள் தடித்தன. 2014-இல் பத்திரத்தை வைத்து அளந்து, நான்கடிக்கு ஓர் அங்குலமும் கூடாமல் குறையாமல் சுற்றுச்சுவர் எழுப்பினேன். அன்றுமுதல் அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சில்லை.

தம்பி மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதுற்றன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாட்கள் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சிகிச்சை தொடங்கி அப்போதே நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் செய்தித்தாளை முகத்திற்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். “போகும்போது அந்த ஐந்தடியைக் கொண்டா போகப் போகிறோம்?” என்று என் மனைவி பலமுறை கேட்டதுண்டு. “சட்டம் என் பக்கம் இருக்கிறது; என் இடத்தில் நான் கட்டினேன்” என்று அவள் வாயை அடைத்துவிடுவேன்.

சட்டம் என் பக்கந்தான் இருந்தது. இன்றும் அதை மறுக்கமாட்டேன். ஆனால் அன்று காலை, நாற்காலி சந்தைக் கடந்து சென்றபின், என் பார்வை பேரனின் பலகைமீது விழுந்தது. அங்கேயும் எல்லா வண்டிகளும் தத்தம் தடத்தில்தான் நின்றன. மஞ்சள் லாரி விதி எதையும் மீறவில்லை. தன் நிரலில், தனக்குரிய மூன்று கட்டங்களில் நின்றது. அந்தப் பலகையில் குற்றவாளி ஒருவனும் இல்லை. எனினும் சிவப்பு வண்டி வெளியேற முடியவில்லை.

அந்தக் கணம்வரை, எங்கள் வழக்கில் என்னையே சிவப்பு வண்டியாக எண்ணியிருந்தேன். என் வழியைத் தம்பி மறித்தான், என் மதிப்பைத் தம்பி கெடுத்தான், அவன் விலகினால்தான் நான் நகர முடியும் என்று பத்தாண்டுக் காலம் காத்திருந்தேன். நான் சிவப்பு வண்டி அல்லன். குறுக்கே நின்ற மஞ்சள் லாரி என்பதை ஒரு பொம்மைப் பலகை எனக்குக் காட்டிற்று. சிறிது நகர்ந்தால் போதாத லாரி. முழுவதும் விலகினாலன்றி வழி பிறக்காத லாரி.

இனி விலகலாம் என்று முடிவு செய்தபின்னரும் விலகுவது எளிதாயில்லை. சுவரை ஐந்தடி உள்ளே நகர்த்த வேண்டும். சுவரையொட்டி மாட்டுத் தொழுவம் இருந்தது. தொழுவத்தை எங்கே கொண்டுபோவது? கொல்லையில் வைக்கோற்போர் இருக்கும் இடத்திற்கு. வைக்கோலை? கிணற்றோரத்துப் பழைய அறைக்கு. அந்த அறையில் என்ன இருந்தது? 34 ஆண்டுகளாக நான் சேர்த்து வைத்திருந்த கணிதப் புத்தகங்கள், வகுப்புக் குறிப்பேடுகள், மாணவர்களின் பழைய விடைத்தாள்கள், ஓய்வுபெற்ற நாளில் பிள்ளைகள் எனக்களித்த மேசை ஆகியவை இருந்தன. பேரன் சொன்னவாறே பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தபோது, சந்தை மறித்து நின்ற சுவரின் மறுகோடியில் என் புத்தகக் குவியலே கிடந்தது.

இரண்டு நாட்கள் அந்த அறையில் அமர்ந்து பிரித்தேன். பேரன் உடனிருந்து தூசி தட்டினான். நல்ல நூல்களைப் பள்ளி நூலகத்திற்குக் கொடுத்தேன். விடைத்தாள்கள் எடைக்குப் போயின. ஒரு குறிப்பேட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். மேசை பேரனுடையதாயிற்று.

அடுத்த நகர்த்தல்தான் எனக்கு மிகக் கடினமானது. தம்பியின் வீட்டிற்குச் செல்லும் தண்ணீர்க் குழாய் அந்தச் சுவரோரமாகவே புதைந்திருந்தது. அவனைக் கேளாமல் கடப்பாரை வைக்க இயலாது. ஆகவே நான்தான் அவன் வாசலுக்குப் போக வேண்டும். போகும் வழியெல்லாம் சிவப்பு வண்டி ஒரு கட்டம் பின்வாங்கியதை நினைத்துக்கொண்டேன். நான் அளந்து விட்ட அந்த நான்கடியில் நானே முதன்முறையாக நடந்தேன். என் தோள் இருபுறமும் இடிப்பதுபோல் இருந்தது.

தம்பி தோளில் துண்டோடு வெளியே வந்தான். “வாருங்கள்” என்றான். “அண்ணா” என்ற சொல் வரவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “எழுத்தில் எழுதித் தருவீர்களா?” என்றான்.

அந்தச் சொல் முள்ளாய்த் தைத்தது. விட்டுக்கொடுக்க வந்தவனிடம் பத்திரம் கேட்கிறானே என்று எழுந்து வந்துவிடத் தோன்றியது. அடுத்த நொடியில், பழுப்பு லாரி நினைவிற்கு வந்தது. நிலைமை சீர்ப்படுமுன் சில வேளை இன்னும் நெருக்கடியாகத்தான் செய்யும். அதற்கு அஞ்சித் திரும்பினால் தொடங்கிய இடத்திலேயே நிற்போம். மேலும், பத்திரத்தையே காட்டிப் பத்தாண்டு வழி மறித்தவனிடம் அவன் பத்திரம் கேட்பதில் தவறென்ன? “எழுதித் தருகிறேன், தம்பி” என்றேன்.

உள்ளேயிருந்து மெலிந்த குரலொன்று, “தம்பி, பெரியப்பாவுக்குக் காப்பி கொண்டு வா” என்று மகனைப் பணித்தது. தான் குடிக்கும் நீரையே அளந்து குடிக்க வேண்டிய பெண், எனக்குக் காப்பி கொடுக்கச் சொன்னாள். அதைக் குடிக்க என் தொண்டை இடங்கொடுக்கவில்லை; எனினும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

ஆவணி மாதத்தில் கொத்தனார் பதினொரு நாள் வேலை செய்தார். பதிவு அலுவலகத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். விலை வேண்டாமென்றேன், தம்பி கேட்கவில்லை. கடைசியில் சுவர் கட்டிய கூலியை அவன் கொடுப்பதென்று ஒத்துக்கொண்டோம். அவனுக்கும் அவனுடைய தடம் வேண்டுமல்லவா?

இதோடு எல்லாம் சீராகிவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. எங்களுக்குள் பேச்சு இன்னும் அளவோடுதான் நடக்கிறது. பத்தாண்டுச் சொற்கள் ஒரு சுவரோடு இடிந்துவிடுவதில்லை. தம்பி மனைவியின் உடல்நிலையும் அவ்வாறே இருக்கிறது. வாரம் மூன்று நாட்கள் போய்வருவது நிற்கவில்லை. ஆனால் நாற்காலியைத் தூக்கும் வேலை நின்றுவிட்டது. ஐந்தரை மணிக்கு ஆட்டோ ஒலியெழுப்பிக்கொண்டு நேரே அவர்கள் வாசலுக்குச் செல்கிறது. நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நிற்கிறேன். திரும்பிப் போகும்போது அவள் ஆட்டோவிற்குள்ளிருந்து, “வருகிறேன் அத்தான்” என்று சொல்லிச் செல்கிறாள். தென்னையில் காய் இறக்கும் நாளில், எங்கள் திண்ணையில் நான்கு இளநீர் யாரும் சொல்லாமலே வந்து இருக்கிறது.

15 எண் புதிரைப்போல எங்கள் வழக்கும் தீர்வற்றது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். தீர்வற்ற புதிர்கள் உலகில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நாம் தீர்வற்றவை என்று மூடிவைக்கும் பலவற்றுள், நாம் நகர்த்திப் பாராத வண்டி ஒன்று மிச்சமிருக்கும். பெரும்பாலும் அது நம் வண்டியாகவே இருக்கும்.

குடும்பத்தில் வழி அடைபட்டு நிற்கும் வாசகர் எவரேனும் இதைப் படிக்கலாம். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் நெருக்குண்டு நிற்கலாம். வேலைக்குச் செல்ல விரும்பும் மகளுக்குத் தந்தையின் சொல் குறுக்கே நிற்கலாம். உடன்பிறந்தார் இருவருக்கிடையே சுவரொன்று எழுந்திருக்கலாம். என்னை மறிப்பவர் யார் என்று கேட்பது நம் எல்லார்க்கும் இயல்பாக வரும். நான் யாரை மறித்து நிற்கிறேன் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியை எனக்கு என் பேரனின் பலகை கேட்டுக்கொடுத்தது.

இந்தக் கோடைக்கும் பேரன் வருகிறான். நான்காம் படியின் கடைசி அட்டையை இருவருமாகத் தீர்ப்பதென்று பேசி வைத்திருக்கிறோம். இம்முறை அச்சுப்பிழை என்று நான் சொல்லமாட்டேன்.